முதலில் அளவுநாடா, அப்புறம் ரம்பம், கடைசியில்தான் கன்று: மொரீஷியஸில் துண்டுக் காட்டைப் பேணும் முறை

ஜனவரி மழை இறங்கியதும் நூறு கன்று வாங்கி, கோவிலுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவில் நட்டு, பெயர்ப்பலகை வைத்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். ஒரு காலைப்பொழுது போதும். இரண்டு வருடம் கழித்துப் போனால் பலகை மட்டும் இருக்கும். கன்று நட்ட இடத்தில் சீனக் கொய்யா என்ற அந்நியக் களைமரம் கால் வைக்க முடியாதபடி அடர்ந்து நிற்கும். நடுவது தவறல்ல, முதலில் நடுவதுதான் தவறு. துண்டுக் காட்டில் பெரும்பாலும் விதையும் உண்டு, தாய்மரமும் உண்டு. முளைத்து எழுந்து நிற்க இடமும் வெளிச்சமும்தான் இல்லை.

இந்தத் தீவில் தரமான நாட்டுக் காடு என்று சொல்லத்தக்கது மொத்தப் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவிலும் அதை ஒட்டிய மலைகளிலும் இருக்கிறது. மிச்சம் கரும்பு வயல்களுக்கு நடுவிலும், ஆற்றோரத்திலும், மலைமுகட்டிலும் ஒன்றிரண்டு ஹெக்டேர் அளவில் சிதறிக் கிடக்கிறது. அப்படி ஒரு துண்டு கையில் இருக்கும் நிலக்காரர், கோவில் நிர்வாகம், இளைஞர் மன்றம், களப்பணி செய்யும் மாணவர் ஆகியோருக்கானது இந்தக் குறிப்பு.

வெட்டுமுன்

நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் எல்லா மரத்தையும் வெட்டிவிட முடியாது. 1983-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி ஆற்றின் கரையிலிருந்து 16 மீட்டர், சிற்றாற்றுக்கு 8 மீட்டர், ஓடைக்கு 3 மீட்டர் வரை ஒதுக்கு நிலம். மலை ஒதுக்கு நிலம் என்று தனியாக ஒன்று உண்டு. இவற்றில் அந்நிய மரத்தை எடுப்பதானாலும் முதலில் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கோர் தெ கார்ட் போன்ற இயற்கைக் காப்பகமானால் தனியாக எதையும் தொடக்கூடாது. ஒரு விதை பொறுக்குவதற்கும் அனுமதி வேண்டும்.

துண்டின் வடிவம்

ஒரு ஹெக்டேர் என்றால் எல்லா ஹெக்டேரும் ஒன்றல்ல. காட்டின் ஓரத்தில் வெயிலும் காய்ந்த காற்றும் பக்கவாட்டில் நுழையும், ஈரம் குறையும், களை விதை வந்து விழும். இந்த ஓர பாதிப்பு 10 மீட்டர் ஆழம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 100-க்கு 100 மீட்டர் சதுரத் துண்டில் நடுவே 80-க்கு 80, அதாவது 0.64 ஹெக்டேர் உள்காடு மிஞ்சும். அதே ஒரு ஹெக்டேர் ஆற்றோரமாக 25 மீட்டர் அகலம், 400 மீட்டர் நீளம் என்று கிடந்தால் மிஞ்சுவது 5-க்கு 380, வெறும் 0.19 ஹெக்டேர். பாதிப்பு 20 மீட்டர் போனால் சதுரத்தில் 0.36 தங்கும், பட்டையில் ஒன்றும் தங்காது.

ஆகவே நீளப் பட்டையைக் காப்பாற்ற நினைத்தால் உள்ளே கன்று நடுவதைவிட, பக்கத்துக் கரும்பு வரிசையில் இரண்டு மூன்றை விட்டுக்கொடுத்து அகலத்தைக் கூட்டுவதுதான் பெரிய உதவி. வயல்காரரிடம் பேச வேண்டியிருக்கும் என்பதால் இந்த வேலையை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

அளப்பது

1930-களின் இறுதியில் வான் (Vaughan), வீஹே (Wiehe) என்ற இரு தாவர ஆய்வாளர்கள் மக்காபே காட்டில் 1000 சதுர மீட்டர் அளவில் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்கள். காடு எவ்வளவு மாறியிருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் ஒப்பிட முடிந்தது அந்த எண்ணிக்கையால்தான். உங்கள் ஒரு ஹெக்டேருக்கும் அதே மரியாதை வேண்டும்.

ஆறு சதுரங்கள் போதும், ஒவ்வொன்றும் 10-க்கு 10 மீட்டர். அவற்றை மூன்று ஜோடிகளாகப் பிரியுங்கள். ஒரு ஜோடியின் இரண்டு சதுரமும் ஒரே சரிவில், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். எதைக் களையெடுப்பது, எதை விட்டுவைப்பது என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். உங்கள் விருப்பப்படி தேர்ந்தால் கை தானாகவே நல்ல சதுரத்தைக் களையெடுக்கப் போகும், பிறகு வரும் வித்தியாசம் உங்கள் உழைப்பால் வந்ததா, அந்த இடம் முன்பே நன்றாக இருந்ததா என்று சொல்ல வழியில்லை. விட்டுவைத்த சதுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும். இரண்டு வருடமாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள், 14.14 மீட்டர் வர வேண்டும். சரிவில் நாடாவைத் தரையோடு போட்டால் சதுரம் சுருங்கிவிடும். 25 பாகைச் சரிவில் 10 மீட்டர் கிடைமட்டத் தூரம் கிடைக்க நாடாவில் 11.03 மீட்டர் விட வேண்டும், 30 பாகையில் 11.55. நான்கு மூலையிலும் இரும்புக் குழாய் அடியுங்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் மரத்தடியில் பல மீட்டர் பிசகும், அதை நம்பினால் அடுத்த முறை வேறு சதுரத்தை அளந்துகொண்டிருப்பீர்கள். திசைமானி வைத்திருந்தால் இன்னொன்று: இங்கே காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து 15 பாகைக்கு மேல் மேற்கே விலகி நிற்கும். எந்த வடக்கை எழுதினீர்கள் என்பதையும் தாளில் குறியுங்கள்.

மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், சரிவின் மேல்பக்கம் நின்று எடுக்க வேண்டும். 1.3 மீட்டருக்குச் சீவிய குச்சி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மரத்துக்கும் நாடா நீட்ட வேண்டாம். தண்டு சாய்ந்திருந்தால் குச்சியும் தண்டோடு சாய வேண்டும். அந்த இடத்தில் முண்டு இருந்தால் கொஞ்சம் மேலே அளந்து, எந்த உயரம் என்று எழுதுங்கள். கொடி ஏறியிருந்தால் நாடாவைக் கொடிக்கு அடியில் நுழைத்து எடுக்க வேண்டும், சேர்த்துக் கட்டினால் மரம் ஒரே வருடத்தில் பருத்ததாகக் கணக்கு வரும். பாசியைத் துடைத்துவிடுங்கள், பட்டையை உரிக்காதீர்கள்.

சுற்றளவு 62.8 செ.மீ. என்றால் 3.1416-ஆல் வகுக்க விட்டம் 20 செ.மீ., குறுக்குப் பரப்பு 0.0314 சதுர மீட்டர். சதுரத்தில் இருக்கும் எல்லா மரத்தின் பரப்பையும் கூட்டி 100-ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் கணக்கு. நாட்டு மரத்துக்கு ஒரு கூட்டல், அந்நிய மரத்துக்கு ஒரு கூட்டல் என்று பிரித்து வையுங்கள். முழுச் சதுரத்தில் அளக்க வேண்டியவை விட்டம் 2.5 செ.மீ.க்கு மேற்பட்ட மரங்கள், அதாவது சுற்றளவு 7.9 செ.மீ.க்கு மேல். ஒரு மூலையில் 5-க்கு 5 மீட்டரில் அரை மீட்டருக்கு மேல் வளர்ந்த மெலிந்த கன்றுகள். அரை மீட்டருக்குக் குறைந்த நாற்றுகளுக்கு ஐந்து இடத்தில் 1 மீட்டர் சதுரம். நாற்றுக் கணக்குதான் மனத்தைக் கலக்கும்: மேலே நாட்டு மரம் பத்து நிற்கும், கீழே அதன் பிள்ளை ஒன்றுகூட இருக்காது.

எண் தகட்டுக்கு அலுமினிய ஆணி போடுங்கள். அளக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. மேலே, தலை வெளியே ஒரு விரற்கடை நீட்டி நிற்கும்படி. முழுக்க அறைந்தால் மரம் பருத்துத் தகட்டை விழுங்கிவிடும். அளக்கும் இடத்திலேயே அடித்தால் காயம் வீங்கி அளவைக் கெடுக்கும். ஒல்லி மரத்துக்கு ஆணி வேண்டாம், தளர்வாக ஒரு கம்பி வளையம் போதும்.

யாரை எடுப்பது

மேட்டு நில ஈரக் காட்டில் முதல் எதிரி சீனக் கொய்யா. மே, ஜூனில் பிளேன் ஷாம்பாஞ் பக்கம் போய்ப் பறித்து உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்கிற அதே பழம். நாம் ஆசையாய்த் தின்பதைக் குரங்கும் பன்றியும் தின்று காடெங்கும் விதைக்கின்றன. அடுத்தது இலங்கையிலிருந்து வந்த பிரிவெட் என்ற குறுமரம். அதன் கருநீலப் பழத்தைச் செம்மீசைச் சின்னான் பரப்புகிறது. கிரியோலில் கோந்தே என்று சொல்லும் பறவை, தலையில் கொண்டையைப் பார்த்தால் பெயர் மறக்காது. அதுவும் 1892-இல் கொண்டுவந்து விடப்பட்டதுதான். ஈரப் பள்ளத்தில் விசிறி வாழை, ஆற்றோரத்தில் ஜாம்ரோசா மரம், வெட்டவெளியில் உண்ணிச்செடியும் பிக்கான் லூலூ முட்கொடியும்.

மேற்குப் பக்கத்து வறண்ட சரிவில் ஆட்டம் வேறு. அங்கே சூபாபுலும் குருக்கத்தியும். சங்கப் பாட்டில் மணக்கும் அதே குருக்கத்தி, மாதவிக்கொடி. இங்கே அதற்கு லியான் செர்ஃப் என்று பெயர், உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. மூன்று இறக்கை உள்ள காய் காற்றில் சுழன்று பறக்கும், கொடி உச்சிவரை ஏறி மரத்தை மூடி அமுக்கிவிடும். அழகாய்ப் பூக்கிறது என்று வேலியில் வளர்த்தால் மலைக்குத்தான் வினை.

வெட்டுமுன் நாட்டுச் செடி ஒவ்வொன்றுக்கும் நாடா கட்டுங்கள், கணுக்கால் உயர நாற்றையும் விடாமல். கொய்யாவின் இலை எதிரெதிராக இருக்கும். ஆனால் யூஜீனியா என்ற நாட்டு மரவகையின் இலையும் அப்படித்தான், இரண்டும் ஒரே குடும்பம். வளர்ந்த கொய்யாவைச் செம்பழுப்புப் பட்டை தாள்போல் உரிந்து வழவழப்பாக இருப்பதை வைத்துச் சொல்லிவிடலாம், நாற்றில் அந்த அடையாளம் கிடையாது. பிரிவெட்டுக்கும் நாட்டு ஒலிவ வகைக்கும் இதே குழப்பம் வரும். பெயர் தெரியாத செடிக்கு வேறு நிற நாடா கட்டி, தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை விடுங்கள். அரிய செடியைக் களை என்று எடுத்துவிட்டால் திரும்ப வைக்க இன்னொன்று இருக்காது.

தாழைப் புதர் முள்ளாய் வழி மறிக்கும், எடுத்துவிடத் தோன்றும். வக்வா என்ற நாட்டுத் தாழையாக இருந்தால் தொடாதீர்கள். அதில் குடியிருக்கும் பச்சைப் பல்லிகள் பக்கத்திலுள்ள த்ரோகேத்தியா என்ற நாட்டுச் செடியின் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுபோகின்றன. தாழைக்கு அருகே நிற்கும் செடியில் காய்ப்பு கூடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

ரம்பம்

நல்ல இடத்தில் தொடங்கி மோசமான இடத்தை நோக்கிப் போங்கள். எல்லோரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள், கண்ணை உறுத்தும் புதரில் முதலில் கை வைக்கிறார்கள். நாட்டு மரம் அடர்ந்த நடுப்பகுதியில் கொஞ்சம் கொய்யாவை எடுத்தால் இடம் தானாக மூடிக்கொள்ளும். முழுக்கக் கொய்யாவான மூலையை மொட்டையடித்தால் வெயில் தரையில் விழுந்து பிக்கான் லூலூவும் உண்ணிச்செடியும் புல்லும் வந்து உட்காரும், பிறகு மூன்று களைக்கும் சேர்த்துக் கூலி. அங்கே ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஓரத்தில் 5 முதல் 10 மீட்டர் அகலத்துக்குக் களை மரத்தையே காற்றுத் தடுப்பாகக் கொஞ்ச காலம் விட்டுவைப்பதும் நல்லது. உள்ளே நாட்டுக் கன்று எழுந்தபின் மூன்று நான்கு வருடத்தில் படிப்படியாக எடுக்கலாம்.

விரல் பருமனுக்குக் குறைந்த நாற்றை மழைக்கு மறுநாள் கையால் வேரோடு பிடுங்குங்கள். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு அறுந்து வேர் தங்கிவிடும். அதற்கு மேற்பட்டதைப் பிடுங்கினால் பக்கத்து நாற்றெல்லாம் மண்ணோடு கிளம்பும். அதை வெட்டி மருந்து தடவ வேண்டும்.

இங்கேதான் பாதி வேலை வீணாகிறது. சீனக் கொய்யாவை வெட்டிவிட்டு மட்டும் போனால் அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் துளிர்த்து, ஒன்று இருந்த இடத்தில் ஐந்து நிற்கும். தரையிலிருந்து 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் கைரம்பத்தால் கிடைமட்டமாக அறுங்கள். வெட்டுக்கத்தியால் சாய்வாக வெட்டினால் மருந்து வழிந்தோடும், கட்டை ஈட்டிபோல் கூர்ந்து நின்று, வழுக்கி விழுபவரின் தொடையில் ஏறும். அறுத்தவுடன் தூளைத் துடைத்து, பட்டைக்கு அடுத்த உள்வளையத்தில் தூரிகையால் டிரைக்ளோபைர் அல்லது கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடவுங்கள். உயிருள்ள பகுதி அந்த வளையம்தான், நடுக்கட்டையில் தடவுவது வீண். நீரில் கலக்கும் மருந்தானால் ஐந்து நிமிடத்துக்குள் தடவியாக வேண்டும், தாமதமானால் வெட்டுமுகம் அடைத்துக்கொண்டு உறிஞ்சாது. தவறிப்போனால் மேலே ஒரு சில்லு சீவிப் புது முகத்தில் தடவுங்கள். எண்ணெயில் கலக்கும் வகைக்கு அவ்வளவு அவசரமில்லை, ஆனால் கட்டையின் பக்கப் பட்டையிலும் தடவ வேண்டும். அளவு புட்டியின் சீட்டில் உள்ளபடிதான். கூடுதலாகக் கலந்தால் கூடுதலாகச் சாகாது.

இருவர் இருவராக வேலை செய்யுங்கள், ஒருவர் அறுக்க, ஒருவர் தடவ. மருந்தில் சாயம் கலந்தால் எந்தக் கட்டை விடுபட்டது என்று திரும்பிப் பார்க்கும்போதே தெரியும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி இல்லாமல் தூரிகையைத் தொடக்கூடாது. மழை வரும்போலிருந்தால் அன்றைக்கு அறுப்பு வேண்டாம். ஓடைக்கரையில் மருந்து வேண்டாம், அங்கே துளிரை இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை கிள்ளிக் கிள்ளி வேரைப் பட்டினி போடுவதுதான் வழி. சலிப்பான வேலை, ஆனால் நடக்கும்.

அறுத்த கொய்யாக் கழியை ஈர மண்ணில் போடாதீர்கள், கிடந்த இடத்திலேயே துளிர்க்கும். பாறைமேல் குறுக்கும் நெடுக்குமாகப் பரண்போல் அடுக்கி வையுங்கள். குருக்கத்தியை இடுப்பளவில் ஒரு வெட்டு, அடியில் ஒரு வெட்டு வெட்டி, அடிக்கட்டைக்கு மருந்து. மேலே தொங்குவதை இழுக்கக்கூடாது, இழுத்தால் நாட்டு மரத்தின் கிளையும் சேர்ந்து வரும். அது அங்கேயே காய்ந்து உதிரட்டும். அறுக்குமுன் கொய்யாவின் தண்டில் நாட்டு ஆர்கிட் ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

திரும்பப் போவதற்கு ஆளும் காசும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் முதலில் வெட்டலாம். முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை. ஒரு ஹெக்டேரை ஒரே முறை வெட்டிவிட்டு ஓய்வதைவிடக் கால் ஹெக்டேரை நான்கு முறை பார்ப்பது மேல். தேசியப் பூங்காவிலுள்ள பிரீஸ் ஃபேரில் 1987-இல் வேலியிட்டுக் களையெடுத்த சிறு பகுதி இன்றும் பாடமாக நிற்பது தொடர்ந்து களையெடுத்ததால்தான்.

மானும் குரங்கும் எலியும்

மானையும் பன்றியையும் வேலி தடுக்கும். இரண்டு மீட்டர் உயரம் வேண்டும், அடிவலையைத் தரையோடு முளையடித்து இறுக்க வேண்டும், இல்லையேல் பன்றி மூக்கால் நெம்பிப் புகும். குரங்குக்கு வேலி ஏணி. அது நாட்டுப் பழங்களைக் காயாகவே பறித்துக் கடித்து எறியும், விதை முற்றவே முற்றாது. விதை வேண்டுமென்றால் காய்த்த கிளையில் வலைப்பை கட்டுங்கள். எலிக்கு விஷம் வைப்பது தெரிந்தவர் வேலை, செத்த எலியைத் தின்னும் பறவைக்கும் அது எமன்.

கன்று

களையெடுத்து ஒரு கோடை முழுக்கப் பாருங்கள். நாற்றுச் சதுரத்தில் நாட்டு நாற்று வந்துவிட்டால் அங்கே நடாதீர்கள், களை மட்டும் எடுங்கள். ஒன்றும் வராத இடத்தில்தான் நடவு.

விதை பக்கத்துத் துண்டிலிருந்து வரட்டும், ஒரே மரத்திலிருந்து வேண்டாம், பத்து மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. சதைப் பழமானால் சதையைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள், ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும். தம்பலக்கோக் என்ற நாட்டு மரத்தின் விதை டோடோவின் வயிற்றுக்குள் போனால்தான் முளைக்கும் என்று 1977-இல் எழுந்த கருத்தைப் பலர் இன்னும் சொல்கிறார்கள். உரசாமலும் அது முளைக்கும், சதையை நீக்கினால் நன்றாக முளைக்கும். மழைக்காட்டு மர விதைகள் பலவும் காய்ந்தால் செத்துவிடும், டப்பாவில் போட்டு வைக்காமல் உடனே விதையுங்கள். நாற்றங்காலில் ராத்திரி விளக்கோடு ஒரு சுற்று வாருங்கள், ஆப்பிரிக்க நத்தை ஒரே இரவில் தட்டைக் காலி செய்யும்.

நடவு ஜனவரி முதல் மார்ச்சுக்குள். குழி 30 செ.மீ., இடைவெளி 1.5 மீட்டர் என்றால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4440 கன்று. துண்டுக் காட்டில் அவ்வளவு தேவைப்படாது, வெற்றிடத்தை மட்டும் நிரப்பினால் போதும். பையில் வேர் சுருண்டிருந்தால் சுருளை வெட்டிவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் மரம் பெரிதானபின் புயலில் அடியோடு சாயும். வறண்ட ஓரத்துக்கு விராலி. ஊரில் தெரிந்த அதே விராலி இங்கும் நாட்டுச் செடிதான். அதோடு புவா பாஞ்சுவேன் என்ற நாட்டு மரம். மேட்டு நில ஓரத்துக்கு ஃபாந்தமான், வீட்டில் இலையைக் கஷாயம் வைக்கிறோமே அதுதான். கருங்காலியை வெயிலில் நடாதீர்கள், நிழல் வந்தபின் உள்ளே வையுங்கள்.

புயல் அடித்தால்

அளவை ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் எடுங்கள், நாற்றுக்கு வருடம் ஒருமுறை, மரத்துக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. குளிர்காலத்தில் எடுப்பது வசதி, புயல் பயம் இல்லை.

புயல் போனபின் முதல் இரண்டு வாரம் உள்ளே போகாதீர்கள், முறிந்து தொங்கும் கிளை காற்றில்லாமலும் விழும். போனதும் சுத்தம் செய்யத் தோன்றும், செய்யாதீர்கள். சாய்ந்த நாட்டு மரம் வேரில் ஒரு பங்கு மண்ணில் இருந்தாலே மறுபடி துளிர்க்கும். விழுந்து கிடக்கும் தண்டு மண்ணரிப்பைத் தடுக்கும். தகட்டு எண்ணை மட்டும் குறித்து, நிற்கிறதா, சாய்ந்ததா, முறிந்ததா என்று எழுதுங்கள். வெளிச்சம் புதிதாக விழும் இடங்களைத் தாளில் வட்டமிட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த வட்டங்களுக்குத்தான் முதலில் போக வேண்டும். அதற்குள் கொய்யா நாற்று சுண்டுவிரல் உயரம் வந்திருக்கும், அப்போது இரு விரலால் பிடுங்கிவிடலாம்.